விதை வந்தால் போதுமா, பக்குவமும் வரவேண்டுமா?

கேள்வி இது: "அரிசி, கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்றை நம்பியே உலகம் ஓடுகிறது என்கிறார்கள். மெக்ஸிகோவின் நீல மக்காச்சோளம், ஆண்டீஸ் மலையின் உருளை, ஆப்பிரிக்காவின் மரவள்ளி என்று இத்தனை ரகங்கள் இருக்கையில், விதையை வரவழைத்து நாமும் விளைவித்துச் சாப்பிட்டால் உணவில் பன்மை வந்துவிடாதா?"

வராது. பாதிதான் வரும். சில பயிர்களில் அந்தப் பாதி ஆபத்தானதும்கூட.

மூன்று தானியக் கணக்கு உண்மைதான். செடிகளிலிருந்து மனிதனுக்குக் கிடைக்கும் கலோரியில் பாதிக்கு மேல் அந்த மூன்றிலிருந்து வருகிறது. உலகில் உணவுக்காகப் பயிரிடப்படும் செடியினங்கள் ஏறத்தாழ 6,000. அவற்றில் கணிசமாக விளைபவை 200-க்கும் குறைவு என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2019 அறிக்கை சொல்கிறது. இனங்கள் சுருங்கினாலும் ஒவ்வொரு இனத்துக்குள்ளும் ரகங்கள் குவிந்து கிடக்கின்றன. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதை வங்கியில் மட்டும் 1,30,000-க்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன.

ஆனால் விதை வங்கியில் வைக்க முடியாத ஒன்று உண்டு. எந்த ரகத்தை எப்படி ஊறவைப்பது, எதைத் துருவிப் பிழிவது, எந்தத் தண்ணீரைக் கொட்டுவது என்ற அறிவுதான் அது. ஒரு பயிர் பிறந்த ஊரில் ரகமும் பக்குவமும் சேர்ந்தே வளர்ந்தன. கப்பலில் ஏறியதோ விதை மட்டும். அதன் விலையை யார் யாரோ கொடுத்தார்கள்.

மக்காச்சோளத்தில் இது தெளிவாகத் தெரியும். மெக்ஸிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் பொறுக்கி எடுத்து வளர்த்த தானியம் அது. இன்றும் அந்த நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டு இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ககவாசிந்த்லே என்ற பெரிய, மாவுத்தன்மை மிகுந்த மணி பொசோலே என்ற குழம்புக்கு. ஓஹாகா பகுதியின் போலிதா, அகலமான த்லாயுதா ரொட்டிக்கு. ரொட்டிக்கானாலும் குழம்புக்கானாலும் உலர்ந்த மணி சுண்ணாம்புத் தண்ணீரில்தான் வேகும். இப்படி வெந்த மணிக்கு நிஸ்தமால் என்று பெயர்.

ஸ்பானியர்கள் தானியத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பை அடுப்பங்கரைப் பழக்கமென்று நினைத்து விட்டுவிட்டார்கள். 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் ஒரு நோயைக் கவனித்தார். வெயில் பட்ட தோல் சிவந்து தடித்து உரிந்தது. பின்னால் வயிற்றுப்போக்கும், மனக்குழப்பமும், சாவும் வந்தன. வட இத்தாலியில் பொலெந்தா கிண்டித் தின்ற குடியானவர்களுக்கும் அதே நோய். 'பெல்லாக்ரா' என்ற பெயர் அங்கே பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அது கொன்றது. தொற்றுநோய் என்றும், கெட்டுப்போன தானியத்தின் நஞ்சு என்றும் பேசிக்கொண்டிருந்தபோது, 1914 முதல் இதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர் உணவுக் குறைதான் காரணம் என்று காட்டினார். குறைந்தது நியாசின் என்ற பி வகை வைட்டமின் என்பதை 1937-இல் கான்ராட் எல்வெஹம் உறுதி செய்தார்.

மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் நம் குடலால் உடைக்க முடியாதபடி மாவுப்பொருளோடு பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பின் காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. கூடவே மணியின் மேல்தோலைப் பசையாக்கிக் கழற்றுகிறது, கால்சியத்தை ஏற்றுகிறது, மாவு பிசைய வரும்படி செய்கிறது. சுண்ணாம்பு போடாத மக்காச்சோள மாவு சப்பாத்திபோல் இழுபடாமல் உடைவதற்குக் காரணம் இதுதான்.

செய்முறை கடினமில்லை. உலர்ந்த மணி 1 கிலோவுக்குத் தண்ணீர் 3 லிட்டர், உண்ணத்தக்க நீற்றிய சுண்ணாம்புத் தூள் 10 கிராம், அதாவது மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு. வெற்றிலைக்குத் தடவும் வெள்ளைச் சுண்ணாம்பும் இதே வேதிப்பொருள்தான். குழைவாக இருப்பதில் பாதியோ அதற்கு மேலோ தண்ணீர் என்பதால் 20 முதல் 25 கிராம் எடுக்க வேண்டும். நிறமோ வாசனையோ சேர்த்தது வேண்டாம். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். பாத்திரம் எவர்சில்வர் ஆக இருக்கட்டும். அலுமினியத்தைக் காரம் அரிக்கும்.

சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, கழுவிய மணியைப் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 30 முதல் 45 நிமிடம் வேகவிட வேண்டும். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழல வேண்டும். கடித்தால் நடுவில் சுண்ணக்கட்டிபோல் ஒரு வெள்ளைப் பொட்டு வேகாமல் இருக்க வேண்டும். அங்கே அடுப்பை அணைத்து, மூடி, 8 முதல் 12 மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். உண்மையான வேலை இந்த ஊறலில்தான் நடக்கிறது. மறுநாள் மஞ்சளாகியிருக்கும் தண்ணீரைக் கொட்டி இரண்டு முறை கழுவினால் போதும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடங்களில். அதிகம் வெந்துவிட்டால் அரைத்த மாவு பிசுபிசுத்துக் கையில் ஒட்டும், தட்டவே வராது. கழுவுகிறேன் என்று தோலை முழுக்கத் தேய்த்தெடுத்தால் பிடிப்புப் பசையும் போய் ரொட்டியின் விளிம்பு வெடிக்கும். சுண்ணாம்பு கூடினால் கசப்பும் காரநெடியும் வரும். நீல ரகத்துக்குச் சுண்ணாம்பைப் பாதியாகக் குறையுங்கள். அதன் நிறமி காரம் பட்டால் பச்சையாக மாறும்.

மெக்ஸிகோவில் இதை அரைக்கும் மெட்டாட்டே நம் அம்மிக்குக் கால் முளைத்ததுபோல் இருக்கும். நம் வீட்டில் கிரைண்டர் சரி. மிக்ஸியில் அரைத்தால் சூடேறும், தண்ணீரும் அதிகம் கேட்கும். தோசை மாவுதான் மிஞ்சும்.

எந்த மணி வாங்குவது என்பது முக்கியம். விதைக்கென்று விற்கும் மக்காச்சோளத்தில் பூச்சி, பூஞ்சாண மருந்து பூசியிருப்பார்கள். அதைத் தொடாதீர்கள். பூசணம் பிடித்ததைச் சுண்ணாம்பு காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். அஃப்ளாடாக்ஸின் நஞ்சு ஓரளவு குறையும், அற்றுப்போகாது. ஸ்வீட் கார்னும் பாப்கார்னும் இதற்கு ஆகாது.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. பெல்லாக்ரா மக்காச்சோளத்தோடு நிற்கவில்லை. தக்காணத்தில் சோளத்தையே முழு உணவாக உண்ட ஏழைகளிடமும் அது தென்பட்டதை ஐதராபாத்தில் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எழுதினார்கள். சிறுதானியம் என்றாலே மருந்து என்று இன்று நடக்கும் விளம்பரத்தில் இது வராது. ஒரே தானியம் என்பதுதான் சிக்கல்; பருப்பும் கீரையும் மோரும் தட்டில் சேர்ந்தால் சோளம் நல்ல உணவு.

மரவள்ளிக்கு வருவோம். இதில் பக்குவம் தவறினால் நோய் வர மாதக்கணக்கு வேண்டாம்.

கிழங்கின் செல்லுக்குள் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி செல்சுவரில், தள்ளி, தனியாக இருக்கிறது. கிழங்கை நசுக்கியதும் இரண்டும் சந்திக்கும். சயனைடு வாயு பிறக்கும். அது 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் பொருள். ஆக, உலகத்தில் மரவள்ளியைப் பக்குவப்படுத்தும் முறைகளெல்லாம் ஒரே தத்துவம்: செல்லை நன்றாக உடை, நொதிக்கு ஈரமும் நேரமும் கொடு, வாயுவைப் போகவிடு.

ரகங்களில் இனிப்பு, கசப்பு என்று இரண்டு பெரும் பிரிவு. இனிப்பு ரகத்தில் ஒரு கிலோ பச்சைக் கிழங்குக்குச் சயனைடு அளவு பொதுவாக 50 மில்லிகிராமுக்குள் இருக்கும். கசப்பு ரகங்களில் 100-ஐத் தாண்டி பல நூறுவரை போகும். அப்படியானால் கசப்பை ஏன் நடுகிறார்கள்? காட்டுப்பன்றியும் குரங்கும் தொடாது. திருடனும் பிடுங்கி அப்படியே சுட்டுத் தின்ன முடியாது. வீட்டில் ஆண்துணை இல்லாத பெண்களுக்கு இது பெரிய காவல். நஞ்சே வேலி.

அமேசான் காட்டில் கசப்புக் கிழங்கைத் துருவி, திப்பிட்டி என்ற நீளமான பின்னல் குழாயில் அடைத்து, தொங்கவிட்டு இழுத்துப் பிழிவார்கள். இறங்கும் மஞ்சள் சாற்றைக்கூட வீணாக்காமல் நீண்ட நேரம் கொதிக்கவைத்து துக்குப்பி என்ற குழம்பாக்குவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் காரி என்ற வறுத்த மரவள்ளி மாவும் இதே கைப்பக்குவம்தான்: தோல்சீவி, துருவி, சாக்கில் கட்டிக் கல்லேற்றி 2 முதல் 4 நாள் புளிக்கவிட்டு, சலித்து, அகன்ற சட்டியில் வறுப்பது. காங்கோவில் முழுக் கிழங்கையே 3, 4 நாள் குளத்தில் ஊறப்போட்டு, குழைந்தபின் எடுத்துக் காயவைத்து இடிப்பார்கள்.

அந்த நாள்களில் ஒன்றிரண்டைக் குறைத்தால் என்ன ஆகும்? கொன்சோ. காங்கோவின் யாக்கா மொழியில் 'கட்டப்பட்ட கால்' என்று பொருள். நேற்றுவரை ஓடிய பிள்ளை இன்று கால் விறைத்து நடக்க முடியாமல் போகும், பிறகு சரியாவதில்லை. 1938-இல் ட்ரோல்லி என்ற மருத்துவர் இதை முதலில் பதிவு செய்தார். 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் வறட்சியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முடங்கினார்கள். வறட்சியில் மூன்றும் சேர்ந்துகொள்ளும்: நீர் வற்றினால் கிழங்கில் நஞ்சு ஏறும்; பசி பொறுக்காமல் ஊறல் நாள்களைக் குறைப்பார்கள்; மீனும் பயறும் தட்டில் இல்லாததால், சயனைடை முறிக்க உடலுக்கு வேண்டிய கந்தகமுள்ள புரதமும் கிடைக்காது.

மெலிதாகச் சீவி உச்சி வெயிலில் சட்டென்று காயவைப்பது நல்லது என்று தோன்றும். நேர் எதிர். ஈரம் வேகமாகப் போனால் நொதி பாதி வேலையில் நின்றுவிடும், லினமரின் மாவுக்குள்ளேயே தங்கும். ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் பிராட்பரி இதை வைத்தே ஓர் எளிய திருத்தம் கண்டார். காய்ந்த மாவைத் தண்ணீர்விட்டுப் பிசறி, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத கனத்தில் பரப்பி, வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ வைத்து, அன்றே சமைத்துவிட வேண்டும். சயனைடு மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். மரவள்ளி மாவுக்கு உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

திருவிதாங்கூரில் மரவள்ளியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அவித்துத் தின்பதற்குப் பிடித்தமானவை இனிப்பு ரகங்கள். கேரளத்தில் கப்பையை அவித்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும் பழக்கமும் கூடவே வேரூன்றியது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கை அரைத்து ஏராளமான தண்ணீரில் மாவை அலசி எடுப்பதால் நஞ்சு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. வீட்டில் அவிக்கும்போது தடித்த உட்தோலையும் உரித்துவிடுங்கள். நஞ்சு அங்கேதான் அதிகம். சிறு துண்டுகளாக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றினால் நொதிக்குச் சிறிது நேரம் கிடைக்கும். கிழங்கைப்போல் ஐந்து பங்கு தண்ணீர் இருக்கட்டும், மூடி வேண்டாம், குக்கரும் வேண்டாம். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசப்பு தட்டினால் துப்பிவிட்டு முழுவதையும் ஒதுக்குவதே சரி.

உருளையின் கதை வேறு மாதிரி. ஆண்டீஸில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள். ஒன்றுக்குக் கெச்சுவா மொழியில் 'மருமகளை அழவைப்பது' என்று பெயர். மேடும் பள்ளமுமாக, தோல் சீவவே முடியாத கிழங்கு. நம் ஊர் மாமியார்களுக்குத் தெரியாமல் போனது நல்லதாயிற்று.

அங்கே ஒரே வயலில் பத்து இருபது ரகம் கலந்து நடுவார்கள். பனி ஒன்றைக் கொன்றால் மற்றொன்று நிற்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டருக்கு மேல், சாதாரண உருளை கருகும் குளிரில், கசப்பு உருளைதான் தாங்கும். கசப்புக்குக் காரணமான கிளைக்கோஅல்கலாய்டு நஞ்சை அகற்றும் வழியும் அந்தக் குளிரே. ஜூன், ஜூலை மாதங்களில் கிழங்கைப் புல்வெளியில் ஒரே அடுக்காகப் பரப்பி மூன்று நான்கு இரவு உறையவிடுவார்கள். பகலில் இளகியதும் காலால் மிதித்துத் தோலையும் தண்ணீரையும் பிரிப்பார்கள். அப்படியே காய்ந்தால் கறுப்புச் சுன்யோ. வெள்ளை வகைக்கு வெயில் படாமல் மூடி, ஓடும் ஆற்றில் மூன்று நான்கு வாரம் ஊறப்போட்டுப் பிறகு காயவைக்க வேண்டும். ஐந்து கிலோ கிழங்கு ஒரு கிலோவாக வற்றும். பல ஆண்டு கெடாது. ஊட்டியில் இதைச் செய்துபார்க்க நினைத்தால் வேண்டாம். இரவுப்பனி தொடர்ந்து அந்த அளவு கடுமையாக இறங்காது. கிழங்கு உறையாமல் அழுகும்.

ஐரோப்பாவுக்குப் போனது இந்தக் குவியலிலிருந்து சில கிழங்குகள் மட்டும். அயர்லாந்தின் ஏழைகள் லம்ப்பர் என்ற ஒற்றை ரகத்தில் நின்றார்கள். உருளை விதையால் அல்ல, கிழங்குத் துண்டால் பெருகுவது. ஆகவே அவர்கள் வயல்களில் பெரும்பாலும் இருந்தது ஒரே செடியின் நகல். 1845-இல் கருகல் நோய் வந்தபோது எதிர்த்து நிற்க வேறு ரகம் இல்லை. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்.

புது ரகம் என்றால் பாதுகாப்பானது என்றும் கிடையாது. அமெரிக்காவில் 1967-இல் வெளிவந்த லெனாப்பே என்ற உருளை சிப்ஸுக்கு அருமையாகப் பொரிந்தது. ஆனால் அதே கிளைக்கோஅல்கலாய்டு நஞ்சு அளவுக்கு மேல் இருந்ததால் 1970-இல் திரும்பப் பெறப்பட்டது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவாக ஏற்கப்படும் வரம்பு. வெளிச்சத்தில் வைத்துப் பச்சையேறிய கிழங்கில் இந்த நஞ்சு கூடியிருக்கலாம். அவித்தாலும் பொரித்தாலும் பெரிதாகக் குறையாது. தடித்துச் சீவி எறிய வேண்டும், கசந்தால் முழுக்கிழங்கையும்.

பக்குவம் விதையோடு சேர்ந்தே பயணம்போன ஒரு நல்ல சாட்சியும் உண்டு. அது தமிழர்களுடையது. நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோயால் கால் வீங்கி, இதயம் நின்று கூலித் தொழிலாளர்கள் செத்தார்கள். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடம் நோய் மிகுதி; புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிது. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் நோயும் சாவும் வந்தன. புழுங்கல் பிரிவில் புதிதாக யாருக்கும் வரவில்லை. நெல்லை உமியோடு ஊறவைத்து ஆவி காட்டும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின், அதாவது எது குறைந்தால் பெரிபெரி வருமோ அந்த வைட்டமின் பி1, மணிக்குள் நகர்ந்துவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை.

மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று விதை தேடுகிறவர்கள் நெல்லைப் புழுக்கும் இந்தப் படியில்தான் அதிகம் தவறுகிறார்கள். பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறினால் நெல் புளித்து, சோறு நாறும். 70 டிகிரி அளவு வெந்நீரில் 3 முதல் 4 மணி நேரம் போதும். வாய் லேசாக வெடிக்கும்வரை ஆவி. உச்சி வெயிலில் ஒரே மூச்சாகக் காயவைத்தால் மணிக்குள் விரிசல் விழும், அரவையில் நொய்யாகும். பாதி காய்ந்ததும் நிழலில் குவித்து சில மணி நேரம் ஆறவிட்டு, மீண்டும் காயவைத்து ஈரப்பதத்தை 14 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றினால் தயமினில் ஒரு பகுதி அதோடு போகும். அந்தக் கஞ்சியைக் குடித்துவிடுங்கள், அல்லது அளந்து தண்ணீர் வைத்துப் பொங்குங்கள்.